திரையில் ஆறு ஐட்டம், டேட்டாபேஸில் ஐந்து: ஜாங்கோ ஃபார்ம்செட்டில் கடைசி ரோ காணாமல் போகிறது

கரிசல்மண் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஒரு மளிகை மொத்தக்கடைக்குக் கொள்முதல் பில் பதிவு செய்யும் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜாங்கோ 4.2 (பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்), டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். மேலே சப்ளையர், பில் எண், தேதி. கீழே ஐட்டம் ரோக்கள், ஒவ்வொன்றிலும் பொருள், அளவு, விலை, ஜிஎஸ்டி சதவீதம். மேல்பகுதிக்கு மாடல் ஃபார்ம், ரோக்களுக்கு இன்லைன் ஃபார்ம்செட், அதாவது பில்லோடு இணைந்த ஒரே மாதிரி ஃபார்ம்களின் தொகுப்பு. ரோ சேர்க்க ஒரு பட்டன், ஒவ்வொரு ரோவின் ஓரத்திலும் அதை எடுக்க ஒரு பெருக்கல் குறி, இரண்டுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நானே எழுதியது.

இரண்டு மாதமாக எந்தப் பெரிய புகாரும் இல்லை. போன வாரம் கடையில் கணக்கு எழுதும் அண்ணன் ஒரு பேப்பர் பில்லை எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பேப்பரில் துவரம்பருப்பு, உளுந்து, கடலைப்பருப்பு, சீரகம், மிளகு, கடைசியாகப் பெருங்காயம் என்று ஆறு ஐட்டம். திரையில் மிளகோடு முடிந்துவிட்டது, பெருங்காயம் இல்லை. ஆனால் மொத்தத் தொகை மட்டும் பேப்பரில் இருப்பதைப் போலவே 48,600. ஐந்து ரோவைக் கூட்டினால் 45,200 தான் வருகிறது, இடிக்கும் 3,400 அப்படியே பெருங்காயத்தின் தொகை. மொத்தத்தை ஜாவாஸ்கிரிப்டில் கூட்டி ஒரு மறைவான ஃபீல்டில் அனுப்பி அப்படியே சேவ் செய்கிறேன், அதனால் அது மட்டும் சரியாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பதிவு செய்யும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "உளுந்தை ரெண்டு தடவை போட்டுட்டேன், ஒண்ணை எடுத்துட்டு சேவ் பண்ணேன், வேற ஒண்ணும் பண்ணல தம்பி" என்றார். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, லாகிலும் ஒன்றும் இல்லை.

இதைத் தோண்டப்போய் இன்னும் இரண்டு கிளம்பியது. தொடாத காலி ரோவை ஜாங்கோ கண்டுகொள்ளாது என்றுதான் படித்தேன், ஆனால் என் பக்கத்தில் கீழே சும்மா நிற்கும் காலி ரோக்கள் எல்லாம் "இந்த ஃபீல்டு அவசியம்" என்று சிவப்பில் கத்துகின்றன. அண்ணன் இதற்குப் பழகிப்போய், காலி ரோக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் சேவ் அழுத்துகிறார். அப்புறம், மூன்று பில்லில் மேல்பகுதி மட்டும் இருக்கிறது, ஐட்டமே இல்லை. அதே பில் எண்ணில் அடுத்த பதிவு முழுதாக இருக்கிறது.

வியூவில் (சேவ் அழுத்தியதும் சர்வரில் ஓடும் பகுதி) எழுதியிருப்பது இதுதான்: முதலில் பில் ஃபார்மைச் சரிபார்த்து சேவ், கிடைத்த பில்லை இன்ஸ்டன்ஸாகக் கொடுத்து ஃபார்ம்செட், அது சரியென்றால் சேவ், இல்லையென்றால் பக்கத்தைப் பிழைகளோடு திரும்பக் காட்டு. ஜாவாஸ்கிரிப்டில் பெருக்கல் குறியை அழுத்தினால் அந்த ரோவை டாமிலிருந்து (பிரவுசர் வைத்திருக்கும் பக்க அமைப்பு) ரிமூவ் செய்து, மொத்தம் எத்தனை ரோ என்று சர்வருக்குச் சொல்லும் டோட்டல் ஃபார்ம்ஸ் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறேன். கடைக்காரர்கள் இந்தக் கணக்கை நம்பித்தான் சப்ளையருக்குப் பணம் கொடுக்கிறார்கள், ஸ்டாக்கும் இதிலிருந்துதான் ஏறுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.


நடுச்சாமம்

உங்கள் கேள்வியின் கடைசியிலேயே விடை இருக்கிறது நண்பரே. ரோவை எடுத்துவிட்டு எண்ணிக்கையையும் குறைக்கிறீர்கள், ஆனால் மீதி ரோக்களின் நம்பரை மாற்றவில்லை. அதுதான் பெருங்காயத்தைத் தின்றது.

ஃபார்ம்செட் சர்வருக்கு வரும்போது ஜாங்கோ எத்தனை ரோ வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஃபார்ம்செட்டோடு மறைவாக வரும் மேனேஜ்மென்ட் ஃபார்மில் இருக்கும் டோட்டல் ஃபார்ம்ஸ் என்ன சொல்கிறதோ அதை நம்பி, 0-இலிருந்து அதற்கு ஒன்று குறைவாக உள்ள நம்பர் வரை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கிறது. அண்ணன் ஏழு ரோ போட்டார், நம்பர் 0 முதல் 6 வரை. இரண்டாவது உளுந்து நம்பர் 2. அதை எடுத்ததும் பக்கத்தில் மிஞ்சியது 0, 1, 3, 4, 5, 6. டோட்டல் 6 ஆகிவிட்டது. சர்வர் 0 முதல் 5 வரை படிக்கிறது. 2-இல் ஒன்றும் இல்லை, காலி ரோ என்று விட்டுவிடுகிறது. 5-இல் மிளகு. நம்பர் 6-இல் பெருங்காயம் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது, கேட்க ஆளில்லை. போஸ்ட் டேட்டாவில் கூடுதலாக என்ன கிடந்தாலும் ஃபார்ம்செட் அதைத் தொடாது, அதனால் பிழையும் கிடையாது, லாகும் கிடையாது. பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து இதே மாதிரி ஒரு பில்லைப் போட்டுப் பாருங்கள், பெருங்காயம் அனுப்பப்படுவது கண்ணுக்கே தெரியும்.

கடைசி ரோவை எடுத்தால் இந்தச் சிக்கல் வராது. அண்ணன் இத்தனை நாள் காலி ரோக்களைக் கீழிருந்துதான் எடுத்திருப்பார், அதனால்தான் இரண்டு மாதம் வெளியே தெரியவில்லை.

சரி செய்ய இரண்டு வழி. ஒவ்வொரு தடவையும் மீதி ரோக்களுக்கு மறுபடி நம்பர் போடலாம். அதில் நேம், ஐடி, லேபிளின் ஃபார் என்று மூன்றையும் மாற்ற வேண்டும், ஒன்று விட்டாலும் வேறு மாதிரி உதைக்கும். எனக்கு அது பிடிக்காது. இரண்டாவது வழிதான் நான் எங்கும் செய்வது: பெருக்கல் குறியை அழுத்தினால் ரோவை டாமிலிருந்து எடுக்காதீர்கள், மறைத்துவிட்டு அந்த ரோவில் இருக்கும் டெலீட் செக்பாக்ஸை டிக் செய்யுங்கள். டோட்டல் ஃபார்ம்ஸைக் குறைக்கவே கூடாது, அது ஏறத்தான் வேண்டும். புது ரோ சேர்க்கும்போது எம்ப்டி ஃபார்மில் (புது ரோவுக்கான வெற்று மாதிரி) ரோ நம்பருக்காக விட்டிருக்கும் ப்ரீஃபிக்ஸ் இடத்தில் இப்போதைய டோட்டலை வைத்து, அப்புறம் டோட்டலை ஒன்று ஏற்றுங்கள். டெலீட் டிக் ஆன புது ரோவை ஜாங்கோ சேவ் செய்யாது, அதில் பிழை இருந்தாலும் கண்டுகொள்ளாது. அந்த செக்பாக்ஸைக் கொண்டுவரும் கேன் டெலீட் இன்லைன் ஃபார்ம்செட்டில் முதலிலேயே ஆன் ஆகித்தான் இருக்கும். 3.2-இலிருந்து கேன் டெலீட் எக்ஸ்ட்ரா என்று இன்னொன்று உண்டு, அதை யாராவது ஆஃப் செய்திருந்தால் புது ரோக்களில் அந்த செக்பாக்ஸே வராது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் மொத்தம் கூட்டும் ஜாவாஸ்கிரிப்ட் மறைத்த ரோக்களை விட்டுவிட்டுக் கூட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

திருத்தும் பக்கம் வைத்திருக்கிறீர்களா? அங்கே இதே பெருக்கல் குறி வேறு விதமாகக் கடிக்கும். நடுவில் ஏற்கெனவே சேவ் ஆன ரோவை டாமிலிருந்து எடுத்தால், இனிஷியல் ஃபார்ம்ஸ் (ஏற்கெனவே சேவ் ஆன ரோக்கள்) எண்ணிக்கைப்படி ஜாங்கோ அந்த ரோவின் ஐடியைத் தேடும், கிடைக்காது, "அவசியம்" என்ற பிழை அந்த மறைவான ஐடி ஃபீல்டிலும் அந்த ரோவின் மற்ற அவசிய ஃபீல்டுகளிலும் போய் உட்காரும், எடுத்த ரோ வெறுமையாகத் திரும்ப வரும், சேவ் ஆகாது. டெம்ப்ளேட்டில் ஃபீல்டுகளைத் தனித்தனியாக எழுதி, ஐடி ஃபீல்டைப் போட மறந்து, மறைவான ஃபீல்டுகளின் பிழையையும் காட்டாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம்: பக்கம் திரும்ப வரும், எங்கும் சிவப்பே இருக்காது, ஆனால் சேவ் ஆகாது.  நான் ஒரு முழு இரவு இதில் உட்கார்ந்திருக்கிறேன்.


ரயிலடி

மூன்றாவது பிரச்சினைக்கு மட்டும் சொல்கிறேன். ஐட்டம் இல்லாத பில் வருவது உங்கள் வியூவின் வரிசையால். ஃபார்ம்செட் சரியா என்று தெரிவதற்கு முன்பே பில்லை சேவ் செய்துவிடுகிறீர்கள். காலி ரோ கத்தியதும் பக்கம் திரும்ப வருகிறது, அண்ணன் சரிசெய்து மறுபடி சேவ் அழுத்துகிறார், இரண்டாவது பில் பிறக்கிறது. முதலாவது அனாதையாகக் கிடக்கிறது.

இரண்டையும் முதலில் சரிபாருங்கள், இரண்டும் சரியென்றால் மட்டும், எல்லாம் சேவ் ஆகும் அல்லது எதுவுமே ஆகாது என்று பார்த்துக்கொள்ளும் அட்டாமிக் பிளாக்குக்குள் பில்லை சேவ் செய்து, ஃபார்ம்செட்டின் இன்ஸ்டன்ஸாக அந்த பில்லை வைத்து, ஃபார்ம்செட்டை சேவ் செய்யுங்கள். ஜாங்கோ இயல்பில் ஆட்டோகமிட், ஒவ்வொரு சேவும் அப்போதே நிரந்தரம். அட்டாமிக் இல்லாமல் நான்காவது ரோவில் டேட்டாபேஸ் மறுத்தால் மூன்று ரோவோடு பில் நிற்கும். இன்டெக்ரிட்டி எரரை (டேட்டாபேஸ் விதியை மீறினால் வரும் பிழை) பிடிப்பதாக இருந்தால் ட்ரை அட்டாமிக்குக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே பிடித்தால் டிரான்ஸாக்‌ஷன் உடைந்த நிலையில் அடுத்த குவெரியும் விழும். சப்ளையருக்கு மெயிலோ எஸ்எம்எஸ்ஸோ போகிறதென்றால் அதை ஆன் கமிட்டில் போடுங்கள், சேவ் உறுதியான பிறகுதான் அது போகும்.

இரண்டு சரிபார்ப்பையும் "அண்ட்" போட்டு எழுதாமல் தனித்தனியாகக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதலாவது தவறியதும் இரண்டாவதன் பிழைகள் திரையில் வராது.


தறிச்சத்தம்

ரயிலடி அண்ணா, கடைசியில் சொன்னது மட்டும் ஜாங்கோவுக்குப் பொருந்தாது. டெம்ப்ளேட் ஃபார்ம்செட்டின் பிழைகளைக் கேட்கும்போது, அதுவரை சரிபார்ப்பு நடக்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே நடந்துவிடும். அதனால் "அண்ட்" போட்டாலும் இரண்டு பக்கப் பிழையும் திரையில் வரும். தனித்தனியாகக் கூப்பிடுவதில் தப்பும் இல்லை. மற்றபடி நீங்கள் சொன்னதெல்லாம் சரி.

கரிசல்மண், காலி ரோ ஏன் கத்துகிறது என்று யாரும் தொடவில்லை, அதைச் சொல்கிறேன். எக்ஸ்ட்ரா ரோ காலியா இல்லையா என்பதை ஜாங்கோ, ஹேஸ் சேஞ்ச்டு என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஃபார்மின் தொடக்க மதிப்பும் பிரவுசர் அனுப்பியதும் ஒன்றாக இருந்தால் அந்த ரோவைச் சரிபார்க்காமல் விட்டுவிடும். ஒரு ஃபீல்டு மாறியிருந்தாலும் முழு ரோவையும் நிரப்பச் சொல்லும். உங்கள் ஜிஎஸ்டி ஃபீல்டு 0, 5, 18 என்று போகும் செலக்ட் பாக்ஸாகத்தான் இருக்கும், முதல் தேர்வு வெற்றாக இருக்காது. ரோவைத் தொடவே இல்லையென்றாலும் பிரவுசர் 0 என்று அனுப்புகிறது, ஜாங்கோவிடம் தொடக்க மதிப்பு எதுவும் இல்லை, அதனால் "ஓ, இந்த ரோவில் ஏதோ போட்டிருக்கிறார்கள்" என்று பொருள் எங்கே, அளவு எங்கே, விலை எங்கே என்று கேட்கிறது.

முதலில் ஒரு வெற்றுத் தேர்வு வையுங்கள், முடிந்தது. வரி சதவீதத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வைப்பதும் நல்லதுதான், பூஜ்யம் தானாக விழுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தொடக்க மதிப்பு கொடுத்தும் சரிசெய்யலாம், ஆனால் சாதாரண சாய்ஸ் ஃபீல்டில் எண்ணாக 0 கொடுத்தால் பிரவுசர் அனுப்பும் எழுத்து "0"-உடன் அது ஒத்துப்போகாது, மறுபடி மாறிவிட்டது என்றே சொல்லும். தொடக்க மதிப்பு இருக்கும் ரோவை டாமிலிருந்து எடுத்து நடுவில் ஓட்டை விட்டாலும், இல்லாத ரோவுக்குப் பிழை கிளம்பும். நடுச்சாமம் சொன்ன மறைத்து டிக் செய்யும் வழிதான் இதற்கெல்லாம் சேர்த்து நல்லது.

எக்ஸ்ட்ராவை (கூடுதலாகக் காட்டும் காலி ரோக்கள்) 0 ஆக்கி, மின் நம்பரை (குறைந்தபட்ச ரோக்கள்) 1 ஆக்கி, அதைச் சரிபார்க்கும் வேலிடேட் மின்னை ஆன் செய்யுங்கள். எக்ஸ்ட்ரா 3 என்று விட்டு மின்னும் 1 கொடுத்தால் புதுப் பக்கத்தில் நான்கு ரோ வரும், ஏன் என்று குழம்புவீர்கள். மின் 1 என்றால் முதல் ரோவுக்குக் காலியாக இருக்கும் சலுகை கிடையாது, டெலீட் டிக் ஆனதையும் காலியையும் கழித்துத்தான் எண்ணும். ஐட்டமே இல்லாத பில் அதோடு நிற்கும்.

இப்போது மொத்தத் தொகை. பிரவுசரில் இருந்து வரும் மொத்தத்தை எடுத்து வைக்கவே கூடாது. ஃபார்ம்செட்டின் க்ளீன் என்ற சரிபார்ப்பு மெத்தடில், டெலீட் டிக் ஆன ரோக்களை விட்டுவிட்டு, அளவு பெருக்கல் விலை, அதற்கு ஜிஎஸ்டி என்று டெசிமலில் நீங்களே கூட்டுங்கள். காலி ரோவின் க்ளீன்டு டேட்டாவில் (சரிபார்த்த மதிப்புகள்) எதுவும் இருக்காது, அதனால் கெட் போட்டு எடுங்கள். எந்த ரோவிலாவது பிழை இருந்தால் கூட்டாமல் திரும்பிவிடுங்கள். அதோடு ஒரு காரியம் செய்யுங்கள்: பேப்பர் பில்லில் அச்சாகியிருக்கும் மொத்தத்தை அண்ணன் கையால் டைப் செய்ய ஒரு ஃபீல்டு வையுங்கள், நீங்கள் கூட்டியதும் அதுவும் ஒரு ரூபாய்க்கு மேல் இடித்தால் சேவ் செய்ய விடாதீர்கள். பழைய கணக்குப்பிள்ளைகள் செய்ததும் இதுதான், பேரேட்டின் அடிக்கூட்டு தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. இந்த ஒரு ஃபீல்டு இருந்திருந்தால் பெருங்காயம் காணாமல் போன அன்றே மாட்டியிருக்கும்.

பில் எண்ணுக்கும் ஒரு கட்டுப்பாடு தேவை. ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில்லின் தொடர் எண் 16 எழுத்துக்குள், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். ஆக சப்ளையர், நிதியாண்டு, பில் எண் மூன்றையும் சேர்த்து யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் டேட்டாபேஸிலேயே போடுங்கள். அவசரத்தில் சேவ் பட்டனை இரண்டு தடவை தட்டினாலும் இரண்டாவது உள்ளே வராது. ஆனால் ஒரே பில்லில் ஒரே பொருள் இரண்டு தடவை வரக்கூடாது என்று போட்டுவிடாதீர்கள், ஒரே உளுந்து இரண்டு விலையில் ஒரே பில்லில் வருவது மொத்தக்கடையில் சாதாரணம். அதற்குத் திரையில் ஒரு எச்சரிக்கை போதும்.


கரிசல்மண்

நன்றி, மூவருக்கும். நெட்வொர்க் டேபைத் திறந்து பார்த்தேன், நடுச்சாமம் சொன்ன மாதிரியே ஐட்டம்ஸ்-6 என்ற பெயரில் பெருங்காயம் போகிறது, டோட்டல் 6 என்று நிற்கிறது. பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, டேட்டா என் சர்வர் வரை வந்து என்னால் கைவிடப்பட்டிருக்கிறது.

ஜிஎஸ்டி செலக்டும் அக்கா சொன்ன மாதிரியேதான், முதல் தேர்வு 0. திருத்தும் பக்கமும் இருக்கிறது, அங்கே "சேவ் ஆக மாட்டேங்குது" என்று ஒருநாள் சொன்னார்கள், இன்டர்நெட் கோளாறு என்று நான் தள்ளிவிட்டேன். இன்று இரவு எல்லாவற்றையும் மாற்றி எழுதுகிறேன்.

இன்னொரு கேள்வி. மசாலா பாக்கெட் வகைகளுக்கு பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் வேண்டும் என்கிறார்கள். ஒரே ஐட்டத்துக்கு இரண்டு மூன்று பேட்ச் வரும். ஃபார்ம்செட்டுக்குள் ஃபார்ம்செட் போட முடியுமா?


பனங்காடு

முடியும், ஆனால் முடிந்தவரை வேண்டாம். பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் அதே ரோவில் இரண்டு ஃபீல்டாக வைத்து, இரண்டு பேட்ச் வந்தால் இரண்டு ரோ என்று விடுங்கள். பெரும்பாலும் பேப்பர் பில்லிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கும், பார்த்து டைப் செய்பவருக்கும் அதுதான் எளிது. பேட்சை வைத்து ரிப்போர்ட் எடுப்பதற்கும் தட்டையாக இருப்பதே வசதி.

கட்டாயம் மூன்றாவது அடுக்கு வேண்டும் என்றால் செய்முறை இது. பேஸ் இன்லைன் ஃபார்ம்செட்டை எடுத்து அதன் ஆட் ஃபீல்ட்ஸ் மெத்தடை மாற்றி எழுதி, ஒவ்வொரு ஐட்டம் ஃபார்மிலும் அதற்கான பேட்ச் ஃபார்ம்செட்டை ஒரு அட்ரிப்யூட்டாகத் தொங்க விடுங்கள். இன்ஸ்டன்ஸ் அந்த ஐட்டம் ஃபார்முடையது, ப்ரீஃபிக்ஸில் ஐட்டம் ஃபார்மின் ப்ரீஃபிக்ஸ் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லா ஐட்டத்தின் பேட்சும் ஒரே பெயரில் மோதும். அப்புறம் இஸ் வேலிட் சரிபார்ப்பில் உள் ஃபார்ம்செட்டுகளையும் கேளுங்கள், டெலீட் டிக் ஆன ஐட்டத்தின் பேட்சுகளை மட்டும் விட்டுவிடுங்கள். சேவிலும் அப்படியே, முதலில் ஐட்டம், பிறகு அதன் பேட்ச். பலர் மறப்பது ஒன்று: ஐட்டம் ரோ காலி, ஆனால் உள்ளே பேட்ச் எண் டைப் ஆகியிருக்கிறது. வெளி ரோ மாறவில்லை என்று ஜாங்கோ விட்டுவிடும், பேட்ச் எதில் தொங்குவது என்று தெரியாமல் போகும். அதற்குப் பிழை காட்ட நீங்களே எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்டிலும் எம்ப்டி ஃபார்முக்குள் எம்ப்டி ஃபார்ம் வரும், இரண்டு ப்ரீஃபிக்ஸ் குறியும் ஒரே எழுத்துகள், ஒரே ரீப்ளேஸில் இரண்டையும் மாற்றித் தொலைப்பது எளிது.

பெரிய பில் வருமா? ஜாங்கோ ஒரு ரிக்வெஸ்டில் இயல்பாக 1000 ஃபீல்டுதான் ஏற்கும், டேட்டா அப்லோட் மேக்ஸ் நம்பர் ஃபீல்ட்ஸ் என்ற செட்டிங். பொருள், அளவு, விலை, ஜிஎஸ்டி, பேட்ச், காலாவதி, மறைவான ஐடி, மறைவான பில் என்று ரோவுக்கு எட்டு ஃபீல்டு. ஏறக்குறைய 125 ரோவில் 400 பிழை வந்து நின்றுவிடும். தீபாவளி நேரத்து பில்லில் அது நடந்தால் கடையில் உங்களைத்தான் தேடுவார்கள், முன்பே ஏற்றி வையுங்கள். ஜாங்கோ நின்றாவது விடுகிறது. பிஎச்பியில் மேக்ஸ் இன்புட் வார்ஸ் அதே 1000, அங்கே ஒரு வார்னிங்கை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை வெட்டிவிட்டு ரிக்வெஸ்டை ஓட்டும், உங்கள் பெருங்காயம் போன மாதிரிதான் போகும்.


ரயிலடி

தறிச்சத்தம், திருத்தியதற்கு நன்றி, நான் நாள் முழுக்க ரெயில்ஸில் (ரூபி மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்) இருப்பவன், அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

ரெயில்ஸில் இந்த நம்பர் சிக்கல் இல்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன், பிறகு தேடி வருபவர்களுக்கு உதவும். அங்கே ஃபார்ம்செட்டுக்கு இணையான நெஸ்டட் அட்ரிப்யூட்ஸில் ரோவின் கீ எந்த எண்ணாக இருந்தாலும் கவலை இல்லை, மதிப்புகளை மட்டும்தான் எடுக்கும், டோட்டல் என்று எதுவும் கிடையாது. அதனால்தான் புது ரோவுக்கு டைம்ஸ்டாம்பைக் கீயாக வைக்கிறார்கள். அங்கே விழும் குழி வேறு. எந்த ஃபீல்டுகளை ஏற்கலாம் என்று சொல்லும் ஸ்ட்ராங் பேராமீட்டர்ஸில் ஐட்டத்தின் ஐடியை அனுமதிக்க மறந்தால், திருத்தும்போது ஏற்கெனவே இருக்கும் ரோக்கள் எல்லாம் புது ரோவாக மறுபடி பிறக்கும், ஐந்து ஐட்டம் பத்தாகும். ரோவை எடுக்கச் சொல்லும் டெஸ்ட்ராயை அனுமதிக்க மறந்தால் எடுத்த ரோ போகவே போகாது. இரண்டுக்கும் பிழை எதுவும் திரையில் வராது.


நடுச்சாமம்

கரிசல்மண், இன்று இரவே மாற்றி எழுதப் போகிறேன் என்றீர்களே, அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இதுவரை எத்தனை பில்லில் ரோ காணாமல் போயிருக்கிறது என்று இப்போதே எடுத்துவிடுங்கள். பிரவுசரில் இருந்து வந்த மொத்தத்தை அப்படியே வைத்தது தப்பு என்று தறிச்சத்தம் சொன்னது சரிதான், ஆனால் எந்த பில்லில் எவ்வளவு குறைகிறது என்பதற்கு இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த ஃபீல்டுதான். புது புரோகிராம் வந்து, யாராவது பழைய பில்லைத் திறந்து சேவ் அழுத்தினால் மொத்தம் ரோக்களின்படி மாறிவிடும், சாட்சி அழிந்துவிடும். அந்த ஃபீல்டை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

குவெரியில் ஒவ்வொரு பில்லுக்கும் ரோக்களின் தொகையைச் சம் போட்டு எடுத்து மொத்தத்தோடு ஒப்பிடுங்கள், ஒரு ரூபாய்க்கு மேல் இடிப்பதை மட்டும் எடுங்கள். ரோவே இல்லாத பில்லுக்குச் சம் பூஜ்யமாக வராது, நல் (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக வரும், நல்லோடு ஒப்பிட்டால் அந்த பில்கள் பட்டியலில் விழாமல் நழுவிவிடும். கோஅலெஸ் போட்டுப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். ஸ்டாக்கையும் மறக்காதீர்கள், காணாமல் போன ரோவின் சரக்கு குடோனில் இருக்கும், கணினியில் இருக்காது.


கரிசல்மண்

நல்லவேளை சொன்னீர்கள், புரோகிராமைத் திறந்து வைத்திருந்தேன், மூடிவிட்டுக் குவெரியை ஓட்டினேன். மொத்தம் 14 பில். அதில் மூன்று ரோவே இல்லாதவை, முன்பே தெரிந்தது. மீதி 11-இல் ஒன்பது பில்லில் ஒரு ரோவும், இரண்டு பில்லில் இரண்டிரண்டு ரோவும் போயிருக்கிறது. இரண்டு தடவை பெருக்கல் குறியை அழுத்தியிருக்கிறார்கள் போல. மொத்தத் தொகை ஃபீல்டை நகல் எடுத்தாயிற்று.

காலையில் கடைக்குப் போய் பட்டியலைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை, பேப்பர் பில் எல்லாம் மாதவாரியாகக் கம்பியில் குத்தி வைத்திருந்தார், நானும் அவரும் உட்கார்ந்து 14-ஐயும் எடுத்தோம். ரோ போன 11-இலும் கடைசி ஐட்டம்தான் இல்லை, இரண்டு ரோ போனவற்றில் கடைசி இரண்டு. மறைத்து டிக் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட், மின் நம்பர், அட்டாமிக், சர்வரில் கூட்டும் மொத்தம் எல்லாம் டெஸ்ட் சர்வரில் ஏறிவிட்டது. ஏழு ரோ போட்டு மூன்றாவதை எடுக்கும் பில்லை ஒரு டெஸ்ட் கேஸாகவே எழுதி வைத்திருக்கிறேன், ஆறு ரோ சேவ் ஆகிறது. பேப்பர் மொத்தத்தை டைப் செய்யும் ஃபீல்டை அண்ணனிடம் காட்டியதும், அதை மேலே வைக்காதே, கடைசி ஐட்டத்துக்குக் கீழே வை, பில்லில் அங்கேதான் இருக்கும், கண் அங்கேதான் போகும் என்றார். கீழே மாற்றிவிட்டேன். பேட்ச் தனி ரோவாகவே போகிறது.